பிராண்டட் சிஸ்டம் வாங்கலாமா, பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணலாமா?

காலேஜ் திறக்கிற நேரத்துலயும் தீபாவளி ஆஃபர் நேரத்துலயும் என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை டெல், எச்பி மாதிரி கம்பெனி சிஸ்டமாவே வாங்கிடலாமா, இல்ல பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி அசெம்பிள் பண்ணிக்கலாமா, எது லாபம்? கேக்குற எல்லாரும் "எது லாபம்"ல வந்துதான் முடிக்கிறாங்க. நான் சர்வீஸ் வேலைல இருக்கிறவன், ரெண்டு வகை சிஸ்டத்தையும் கழட்டி மாட்டுறவன், அதனால என் பதில் விலைல ஆரம்பிக்காது. முதல்ல நான் திருப்பிக் கேக்குறது ரெண்டே விஷயம். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க? ஒருநாள் காலைல சிஸ்டம் ஆன் ஆகலைன்னா யார் வந்து பாப்பாங்க? இதுக்குப் பதில் தெரிஞ்சாலே பாதி முடிவு ஆயிடும், மீதி பாதி அதுல நீங்க என்ன வேலை பண்ணப் போறீங்கங்கிறதுல இருக்கு.

ஆனாலும் விலையைப் பேசி முடிச்சிடுவோம், இல்லன்னா மனசு அங்கயே நிக்கும். ஜிஎஸ்டி ரெண்டுக்கும் ஒண்ணுதான். முழு சிஸ்டமா எடுத்தாலும் 18 சதவீதம், புராசசர், மதர்போர்டு, ரேம்னு தனித்தனியா எடுத்தாலும் 18 சதவீதம். வரில மிச்சம் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா பில் இல்லாம தர்றேன்னுதான் அர்த்தம், அந்த மிச்சம் வேண்டவே வேண்டாம், காரணத்தை வாரன்டி பத்திப் பேசும்போது சொல்றேன். படிப்பு, ஆபீஸ் வேலை, கடை பில்லிங் இந்த அளவுக்கு கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண சிஸ்டம்னா பிராண்டட்டும் அசெம்பிள்டும் கிட்டத்தட்ட ஒரே விலைல வந்து நிக்கும், சில நேரம் பிராண்டட் கம்மியாவே இருக்கும். இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. காரணம் விண்டோஸ். கம்பெனிங்க மைக்ரோசாஃப்ட்கிட்ட மொத்தமா லைசென்ஸ் வாங்குறாங்க, உங்க கைக்கு வர்ற சிஸ்டத்துல ஒரிஜினல் விண்டோஸ் 11 உள்ளயே இருக்கும், சில மாடல்ல ஆபீசும் சேர்ந்தே வரும். கடையில எழுதித் தர்ற கொட்டேஷன்ல விண்டோஸ்னு ஒரு வரியே இருக்காது, "ஓஎஸ் போட்டுத் தர்றோம் சார்"னு வாயால சொல்லுவாங்க, பெரும்பாலும் அது கிராக் பண்ணின விண்டோஸ். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டியிருப்பாங்க, அதே சிஸ்டத்துலதான் நீங்க நெட் பேங்கிங் திறக்கப் போறீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடப் போறீங்க. அதனால ஒரிஜினல் லைசென்ஸ் விலையையும் கொட்டேஷன்ல கூட்டிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போதும்னு இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கே வேற, அவங்களுக்கு அந்தப் பணம் முழுசா மிச்சம். அதே மாதிரி பிராண்டட்லயும் டாஸ்னோ உபுண்டுன்னோ போட்டிருந்தா விண்டோஸ் இல்லைன்னு அர்த்தம், விலை கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அந்த வரியைப் பாருங்க.

கிராபிக்ஸ் கார்டு உள்ள வந்ததும் கதை மாறிடும். எழுபதாயிரம், ஒரு லட்சம்னு போற கேமிங் சிஸ்டத்துல அதே காசுக்கு அசெம்பிள்டுல ஒரு படி மேல உள்ள கார்டு கிடைக்கும், அனேகமா எப்பவுமே. பிராண்டட்ல கம்பெனி எங்க கை வைப்பாங்கன்னா விளம்பரத்துல வராத இடங்கள்ல. புராசசர் பேரும் கார்டு பேரும் பெருசா போட்டிருக்கும். எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, எத்தனை வாட்ஸ்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும், அது அந்தக் கார்டுக்கு மட்டும் சரியா போதுற அளவுல இருக்கும். 16 ஜிபி ரேம்னு போட்டிருப்பாங்க, திறந்து பார்த்தா ஒரே குச்சியா மாட்டியிருக்கும். ரெண்டு 8 ஜிபி குச்சி போட்டா டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வழியா ஓடும், ஒரே 16ன்னா சிங்கிள் சேனல்தான், தனி கார்டு இல்லாம புராசசர்லயே உள்ள கிராபிக்ஸை நம்பி ஓடுற சிஸ்டத்துல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கேபினெட் முன்பக்கம் அழகா மூடியிருக்கும், காத்து உள்ள போக வழி இருக்காது, நம்ம ஊர் மே மாச வெயில்ல ஃபேன் சத்தம் ரூம் முழுக்க கேக்கும்.

ஆனா இந்த விலைக் கணக்கு எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்கறதில்ல. 2021ல கார்டுங்க எல்லாம் கிரிப்டோ மைனிங்குக்குப் போயிடுச்சு, சிப் தட்டுப்பாடு வேற, தனி கார்டு வாங்குற காசுக்கு முழு பிராண்டட் சிஸ்டமே வாங்கிடலாம்ங்கிற நிலைமை இருந்துச்சு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ மைனிங்கை விட்டு வேற முறைக்கு மாறின அப்புறம்தான் அந்தப் பக்கம் முழுசா மூச்சு விட முடிஞ்சுது. இப்ப அதே கதை ரேம்ல நடக்குது. ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போறதால 2025 கடைசில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறுச்சு, மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல தன்னோட க்ரூஷியல் பிராண்டையே, நம்ம மாதிரி ஆளுங்க கடையில வாங்குற அந்த வியாபாரத்தையே நிறுத்துறோம்னு அறிவிச்சிடுச்சு. இந்த மாதிரி நேரத்துல பழைய விலைக்கு ஸ்டாக் எடுத்து வெச்சிருக்கிற பிராண்டட் மாடல் ஏதாவது மாட்டுச்சுன்னா அது நிஜமாவே நல்ல டீல். அதனால "அசெம்பிள்னா சீப்"ங்கிறதைப் பத்து வருஷத்துக்கு முன்னாடி கேட்ட மாதிரியே மனசுல வெச்சுக்காதீங்க, வாங்குற வாரத்துல ரெண்டு பக்கமும் விலை போட்டுப் பாருங்க.

இப்ப நான் முதல்ல கேட்ட கேள்விக்கு வரேன், யார் வந்து பாப்பாங்க. பிராண்டட்ல ஒரே பில், ஒரே கம்பெனி, ஒரே நம்பர். சிஸ்டம் பின்னாடி ஒட்டியிருக்கிற நம்பரைச் சொன்னா போதும், போன்லயே நாலஞ்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க, பொறுமையா பண்ணணும், அப்புறம் ஆன்சைட் வாரன்டி இருந்தா ஆள் பார்ட்டோட வீட்டுக்கே வருவார். மெட்ராஸ், கோயம்புத்தூர்னா சீக்கிரம் வருவாங்க, உள்ளூர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளும், ஆனா வருவாங்க. அசெம்பிள்டுல முழு சிஸ்டத்துக்கு வாரன்டின்னு ஒண்ணு கிடையாது, ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி. பாக்ஸ்ல வர்ற இன்டெல், ஏஎம்டி புராசசருக்கு 3 வருஷம், மதர்போர்டு பெரும்பாலும் 3 வருஷம், ஃபைல் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி 3 இல்ல 5 வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்னா 5, 10 வருஷம் வரைக்கும் கூட, ரேமுக்கு 10 வருஷமோ லைஃப்டைமோ. வருஷக் கணக்கைப் பார்த்தா இது பிராண்டட் வீட்டு மாடல்ல தர்ற ஒரு வருஷத்தை விட எங்கயோ மேல. பிரச்சனை வருஷத்துல இல்ல, எந்த பார்ட் போச்சுன்னு கண்டுபிடிக்கிறதுல இருக்கு. சிஸ்டம் ஆன் ஆகலைன்னா அது எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா, ரேமா? வேற ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ், வேற ஒரு ரேம் மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும். வீட்ல யார்கிட்ட ஸ்பேர் எஸ்எம்பிஎஸ் இருக்கும்? கண்டுபிடிச்ச அப்புறம் அந்த பார்ட்டை இந்தியாவுல இறக்குமதி பண்ணின டிஸ்ட்ரிபியூட்டரோட சர்வீஸ் சென்டருக்கோ, அந்த பிராண்டோட சென்டருக்கோ கொண்டு போகணும். ரெடிங்டன், ராஷி பெரிபெரல்ஸ் மாதிரி பேருங்க பாக்ஸ் மேல சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க, அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. இந்த சென்டருங்க பெரிய ஊர்லதான் இருக்கும். மெட்ராஸ்ல இருக்கிறவருக்கு அது ஒரு பஸ் தூரம், ராமநாதபுரத்துல இருக்கிறவருக்கு அது கூரியர், காத்திருப்பு, போன் மேல போன்.

அந்த டிஸ்ட்ரிபியூட்டர் முதல்ல கேக்குறது பில்லைத்தான். அதனாலதான் பில் இல்லாம வாங்காதீங்கன்னு சொன்னேன். பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கணும், "கம்ப்யூட்டர் அசெம்பிள்டு செட் 1"னு ஒரே வரில எழுதின பில்லை வெச்சுக்கிட்டு மூணாவது வருஷம் போர்டு வாரன்டி கேக்குறது ரொம்பக் கஷ்டம். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர்ல இருந்தோ துபாய்ல இருந்தோ சொந்தக்காரங்க கார்டு வாங்கிட்டு வர்றாங்கன்னாலும் இதையே யோசிங்க, நிறைய கம்பெனில கார்டு வாரன்டி வாங்கின நாட்டுலதான் செல்லும், ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சத்துக்காக அதை விடுறது சரியில்ல.

இதெல்லாம் கேட்டா பிராண்டட்டே நல்லதுன்னு தோணும். வாரன்டி இருக்கிற வரைக்கும் ஆமா. வாரன்டி முடிஞ்ச மறுநாள்ல இருந்து தராசு அசெம்பிள்டு பக்கம் சாயும். டெல் ஆப்டிபிளெக்ஸ்ல 2013 வாக்குல வந்த மாடல்ல இருந்தே போர்டுக்கு கரண்ட் போற மெயின் கனெக்டர் எல்லாரும் பயன்படுத்துற 24 பின் கிடையாது, அவங்களோட சொந்த 8 பின். எச்பி, லெனோவாலயும் நிறைய மாடல்ல இப்படித்தான், சொந்த கனெக்டர், சொந்த சைஸ் எஸ்எம்பிஎஸ், சொந்த வடிவ போர்டு. அதனால எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா கடையில இருக்கிற நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்ட முடியாது, அதே மாடலோடதைத் தேடணும், இல்லன்னா கன்வெர்ட்டர் கேபிள் தேடணும். போர்டு போச்சுன்னா இன்னும் மோசம், கேபினெட்டே உதவாது. அசெம்பிள்டு சிஸ்டத்துல எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா எந்த ஊர்லயும் சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு மாட்டி ஓட்டிடலாம். அஞ்சு வருஷம், ஏழு வருஷம்னு ஒரே சிஸ்டத்தை வெச்சிருக்கிற குடும்பங்கதான் நம்ம ஊர்ல அதிகம், ஆனா இந்த விஷயத்தை வாங்குற அன்னைக்கு யாரும் அவங்களுக்குச் சொல்றதில்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

அப்கிரேடும் இதோட ஒட்டினதுதான். புராசசர் உக்கார்ற இடத்தைத்தான் சாக்கெட்னு சொல்றது, ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்ல 2017ல முதல் ரைசன் புராசசர் போட்டவங்க, போர்டுக்குள்ள இருக்கிற பயாஸ்ங்கிற சாஃப்ட்வேரை மட்டும் அப்டேட் பண்ணிட்டு 2022க்கு அப்புறம் 5000 சீரிஸ் புராசசரை அதே போர்டுல மாட்டிக்க முடிஞ்சுது, ரேம் அதே, கேபினெட் அதே. 2022ல வந்த ஏஎம்5 சாக்கெட்டையும் 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் ஆதரிப்போம்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க. இன்டெல்ல அப்படி நீளமா வராது, 12, 13, 14 மூணு ஜெனரேஷனுக்கு ஒரு சாக்கெட், 2024 அக்டோபர்ல வந்த கோர் அல்ட்ராவுக்கு வேற சாக்கெட். பிராண்டட்ல புராசசர் மாத்துறதுங்கிறதை மறந்துடுறது நல்லது, அந்தக் கம்பெனி பயாஸ் கொடுத்தாத்தான் உண்டு. ரேம், எஸ்எஸ்டி கூட்டுறது மட்டும் ரெண்டுலயும் சுலபம். அதனால அப்கிரேட் பண்ற பழக்கமே இல்லாதவங்க, வாங்கினா அப்படியே கடைசி வரைக்கும் ஓட்டுறவங்க, இந்தக் காரணத்துக்காக அசெம்பிள்டு பக்கம் போகணும்னு இல்ல.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல அசெம்பிள் பண்றேன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க தாங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுக்கறதில்ல, கடையில கொடுத்துதான் பண்ணிக்கிறாங்க. அதுல தப்பே இல்ல, என்னைக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு அதுதான் சரியான வழி. ஆனா பார்ட்ஸ் லிஸ்ட் உங்க கையில இருக்கணும். கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் "நாப்பதாயிரத்துக்கு ஒரு சிஸ்டம் போடுங்க"னு கேட்டீங்கன்னா, அன்னைக்கு எந்த ஸ்டாக் நகரணுமோ அதுதான் உங்க கேபினெட்குள்ள போகும். அதுவே மாடல் நம்பரோட ஒரு பேப்பரை நீட்டி இதுக்கு விலை போடுங்கன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும். மூணு கடை ஏறி இறங்குங்க, ஆன்லைன் விலையையும் போன்ல திறந்து வெச்சுக்கோங்க, கிரெடிட் கார்டுன்னா 2 சதவீதம் கூடன்னு சொல்லுவாங்க, அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. எல்லா பாக்ஸையும் உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, காலி பாக்ஸ்களை வீட்டுக்குக் கொண்டு வாங்க. புராசசர் பாக்ஸ்ல வரணும், ட்ரே புராசசர்னு தனியா பிளாஸ்டிக் கவர்ல தர்றதுக்கு இன்டெல் நேரடி வாரன்டி கிடையாது. இன்டெல்ல 13, 14ம் ஜெனரேஷன் டெஸ்க்டாப் புராசசருங்கள்ல வோல்டேஜ் பிரச்சனை வந்து, 2024ல கம்பெனியே பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு ரெண்டு வருஷம் கூடுதலா வாரன்டி கொடுத்தாங்க, அதெல்லாம் பாக்ஸ்ல வாங்கினவங்களுக்கு நேரா கிடைச்சது.

கொட்டேஷன்ல அடிபடுற ஒரு பார்ட்டைப் பத்தி மட்டும் நான் கத்திக்கிட்டே இருப்பேன், எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் இடிச்சா முதல்ல அதைத்தான் குறைப்பாங்க, கேபினெட்டோட ஃப்ரீயா வருதுன்னு சொல்லுவாங்க. 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், தூக்கிப் பார்த்தா கனமே இருக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் போகும்போது தான் மட்டும் போகும், மட்டமானது போகும்போது போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். வோல்டேஜ் ஏறி இறங்குற ஊர்ல இருந்துக்கிட்டு இதுல ரெண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க. குறைக்கணும்னா கலர் கலரா மின்னுற ஆர்ஜிபி லைட்டைக் குறைங்க, கண்ணாடிக் கேபினெட்டைக் குறைங்க.

ஆன்லைன்ல ஒரு மூணாவது ரகம் இருக்கு, நான் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து"ன்னு ரொம்பக் கம்மி விலைல போட்டிருப்பாங்க. உள்ள போய்ப் பார்த்தா ஐ7னா எந்த ஜெனரேஷன்னு எழுதியிருக்காது, அது 2011ல வந்த ஐ7 2600ஆ இருக்கும், அந்தக் காலத்து எச்61 போர்டு, கார்டு 2014ல வந்த ஜிடி 730. அந்த ஐ7ம் நாலு கோர், எட்டு திரெட், இப்ப கிடைக்கிற ஐ3 12100ம் நாலு கோர், எட்டு திரெட்தான், ஆனா இந்த ஐ3 அந்த ஐ7ஐ எங்கயோ விட்டுட்டுப் போயிடும். மேல விண்டோஸ் 11 அந்தப் பழைய புராசசரை ஏத்துக்காது, இன்டெல்ல 8ம் ஜெனரேஷன்ல இருந்துதான் ஏத்துக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. பையனுக்கு பர்த்டே கிஃப்ட்னு நகையை அடகு வெச்சு இதை வாங்கிட்டு, கேம் ஓடலைன்னு என்கிட்ட தூக்கிட்டு வந்த அப்பா அம்மாவை எனக்குத் தெரியும். பேருக்கு அது புது சிஸ்டம், பிரிபில்ட், அதாவது ரெடியா மாட்டியே வர்றது. ஐ3, ஐ5, ஐ7ங்கிற பேரை மட்டும் பார்க்காதீங்க, பின்னாடி வர்ற முழு நம்பரைக் கேளுங்க, நம்பர் சொல்லாத இடத்துல வாங்காதீங்க.

வேலையைப் பொறுத்துச் சொல்றதுன்னா, கடை பில்லிங், டேலி, இ-சேவை மையம், ஆடிட்டர் ஆபீஸ், இவங்களுக்கு நான் யோசிக்காம பிராண்டட்தான் சொல்லுவேன், அதுவும் வீட்டு மாடல் இல்ல, பிசினஸ் மாடல். லெனோவால திங்க்சென்டர், எச்பில ப்ரோ வரிசை, டெல்ல ஆப்டிபிளெக்ஸ்னு இருந்தது, 2025ல இருந்து டெல் ப்ரோன்னு பேரை மாத்திட்டாங்க. இந்த வரிசைல மூணு வருஷ ஆன்சைட் வாரன்டியோட மாடல் கிடைக்கும், கொஞ்சம் கூட கொடுத்து நீட்டிக்கவும் முடியும். டெல் ஸ்ரீபெரும்புதூர்லயும் லெனோவா புதுச்சேரிலயும் ஃபேக்டரி போட்டு ரொம்ப வருஷமா நம்ம பக்கமே தயாரிக்கிறாங்க. ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறவங்க கடை பேர்ல பில் போட்டு இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாம், அது ரெண்டு வகைக்கும் உண்டு. பில்லிங் கவுன்டர் ஒரு நாள் நின்னா வர்ற நஷ்டம் என்னன்னு கடைக்காரருக்கே தெரியும், அவருக்கு ஆள் வந்து நிக்கிறதுதான் முக்கியம்.

கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, ஆல்பம் டிசைன் பண்றவங்க, இவங்களுக்கு நேர் எதிரா அசெம்பிள்டுதான் சொல்லுவேன், ஏன்னா இவங்க வேலைக்குத் தேவையான கலவை ரெடிமேடா கிடைக்கறது அரிது. ஆல்பம் வேலைக்கு போட்டோஷாப்ல பெரிய ஃபைலா நாலஞ்சு திறந்து வைப்பாங்க, அங்க ரேம்தான் பேசும், கேமிங் கார்டுக்குக் காசைக் கொட்டி 16 ஜிபியோட நிறுத்தினா வேலைக்கு ஆகாது. வீடியோல இன்னும் நுணுக்கமா ஒரு விஷயம் இருக்கு. சோனி கேமராவுல 4:2:2 10 பிட் எச்.265ங்கிற வீடியோ ஃபார்மேட்ல எடுத்துட்டு வருவாங்க, எடிட்டிங் டைம்லைன்ல போட்டா திணறி இழுக்கும், கார்டு பெருசா இருந்தும் இழுக்குதேன்னு புலம்புவாங்க. என்விடியா கார்டுங்க இந்த ஃபார்மேட்டை ஹார்டுவேர்லயே பிரிச்சுப் படிக்கிறது 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்ல இருந்துதான். ஆனா இன்டெல் புராசசருக்குள்ளயே இருக்கிற சின்ன கிராபிக்ஸ் 11ம் ஜெனரேஷன்ல இருந்தே அதைப் பண்ணுது. ஐ5 12400ல அந்த கிராபிக்ஸ் இருக்கு, 12400எஃப்னு கடைசில எஃப் போட்டிருந்தா அது இல்ல. ரெடிமேட் கேமிங் சிஸ்டத்துல நிறைய இடத்துல எஃப் மாடலைத்தான் போடுறாங்க, கேம் ஆடுறவருக்கு அது சரி, வித்தியாசமே தெரியாது. எடிட்டருக்கு ஒரு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிச்சு தினமும் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு லேசான நகல் வீடியோ, போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற நிலைமை. இந்த மாதிரி ஒவ்வொரு பார்ட்டையும் உங்க வேலைக்குப் பார்த்துப் பொறுக்க முடியுதுங்கிறதுதான் அசெம்பிள்டோட உண்மையான பலம், விலை எல்லாம் அப்புறம்தான்.

காலேஜ் பசங்களுக்கு, ஹாஸ்டல்னா இந்தக் கேள்வியே வேண்டாம், லேப்டாப் வாங்குங்க. வீட்ல இருந்து போறவங்க, கம்ப்யூட்டர் சயின்ஸோ எலக்ட்ரானிக்ஸோ படிக்கிறவங்கன்னா தாங்களே கையால ஒரு தடவை மாட்டிப் பாக்குறது நல்லதுன்னு நான் மனசாரச் சொல்றேன். பயப்படுற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. இன்டெல்லயும் ஏஎம்5லயும் பின் போர்டுல இருக்கும், ஏஎம்4ல பின் புராசசர் அடில இருக்கும், எதுவா இருந்தாலும் அழுத்தக் கூடாது, மூலைல இருக்கிற முக்கோணக் குறியைப் பார்த்து வெச்சா தானா உக்காரும். நாலு ரேம் ஸ்லாட் இருந்தா ரெண்டு குச்சியையும் புராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல போடுங்க. புராசசருக்குத் தனியா போற 8 பின் கேபிளை மாட்ட மறந்துட்டு போர்டு டெட்னு நினைக்கிறவங்க நிறைய. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், டிடிஆர்5 வகை ரேம் போடுற போர்டு முதல் தடவை ஆன் பண்ணும்போது மெமரி ட்ரெயினிங்னு ஒண்ணு ஓடும், சில நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கும், ஃபேன் மட்டும் சுத்தும். பதறிப் போய் ஆஃப் பண்ணிடாதீங்க, விட்டுடுங்க, வந்துடும். வந்ததும் பயாஸ்ல எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ, எந்த ரேம் வேக செட்டிங் இருக்கோ அதை ஆன் பண்ணுங்க, இல்லன்னா காசு கொடுத்து வாங்கின ரேம் அடிப்படை வேகத்துலதான் ஓடும், கடையில மாட்டிக் கொடுத்தாலும் இதைப் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க. அப்புறம் வைஃபை. பிராண்டட்ல அனேகமா உள்ளயே இருக்கும், விலை கம்மியான தனி போர்டுல இருக்காது, வீட்டுக்கு வந்து எல்லாம் மாட்டின அப்புறம் நெட்டுக்கு வழியில்லாம நிப்பீங்க, வைஃபை உள்ள போர்டா பாருங்க, இல்லன்னா ஒரு யூஎஸ்பி டாங்கிள் சேர்த்து வாங்குங்க.

பட்ஜெட் ரொம்பக் கம்மின்னா, புதுசுதான் வேணும்ங்கிற பிடிவாதம் இல்லன்னா, பெரிய கம்பெனிங்க மூணு நாலு வருஷம் லீசுக்கு ஓட்டிட்டுத் திருப்பிக் கொடுத்த ஆபீஸ் சிஸ்டங்க ரீஃபர்பிஷ்டுன்னு வருது, ரிச்சி ஸ்ட்ரீட்லயும் கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும். ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி, திங்க்சென்டர் டைனி, புத்தகம் சைஸ்ல சின்னதா இருக்கும், கரண்டும் கம்மியா இழுக்கும், ஏசி ரூம்ல ஓடினதால உள்ள சுத்தமா இருக்கும். 8ம் ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ பார்த்து எடுங்க, எஸ்எஸ்டியை மட்டும் புதுசா மாத்திக்கோங்க, படிப்புக்கும் பில்லிங்குக்கும் தாராளம். அந்த ஐ7 கேமிங் பிசிக்குப் போற காசுல இது ஆயிரம் மடங்கு நல்ல முடிவு. கேமுக்கு மட்டும் இது ஆகாது, இதுக்குள்ள கார்டு மாட்ட இடமே கிடையாது.

எதை வாங்கினாலும் யூபிஎஸ்சையும் எர்த்திங்கையும் மறந்துடாதீங்க. வீட்ல பழைய ஒயரிங்கா இருந்தா மூணு பின் பிளக் இருக்கும், உள்ள எர்த் ஒயரே வந்திருக்காது, கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்கும், அப்படி இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் சிஸ்டத்தைக் கொண்டு வாங்க. சாதாரண ஆபீஸ் சிஸ்டத்துக்கு 600 விஏ யூபிஎஸ் போதும், அது தாங்குறது சுமார் 360 வாட்ஸ். கார்டு போட்ட சிஸ்டத்தை அதுல மாட்டினா கரண்ட் போன உடனே யூபிஎஸ் கத்திட்டு அதுவும் ஆஃப் ஆயிடும், அதுக்கு 1000 விஏக்கு மேல பாருங்க, கார்டு பெருசா இருந்தா இன்னும் மேல. கடைக்காரர் கொட்டேஷன்ல 600ஐத்தான் எழுதியிருப்பார், அந்த வரியை மாத்தச் சொல்லிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.